நார்வேக்கு மாதிரி வரவில்லை

கொச்சி மட்டாஞ்சேரியில் குடிதண்ணீர் வராத வருஷங்கள் நிறைய உண்டு. அவற்றுள் ஒன்றான 1981-இல்தான் அங்கே கொச்சங்காடிப் பகுதிக்குச் சர்வதேச ஊழல் ஒப்பீட்டுக் கழகம் வந்து சேர்ந்தது. காலியாகக் கிடந்த சுக்குக் கிடங்கு ஒன்றைப் பிடித்து, நீலம் அடித்து, ஆறு மின்விசிறி மாட்டி, வாசலில் மூன்று மொழியில் பலகை வைத்தார்கள். எத்தனை கோட் நீலம் அடித்தும் சுவரிலிருந்து சுக்கு நெடி போகவில்லை. உலக நாடுகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வந்தவர்கள் எல்லாம் தும்மிக்கொண்டேதான் சொன்னார்கள்.

கழகத்தின் வேலை இதுதான். நாற்பத்து மூன்று நாடுகளின் பெயர் அச்சடித்த படிவம் ஒன்றை ஜனங்களிடம் கொடுப்பார்கள். எந்த நாட்டில் எவ்வளவு லஞ்சம் நடக்கிறது என்று தோன்றுகிறதோ அதற்கேற்ப மார்க் போட வேண்டும். பத்து என்றால் தங்கமான நாடு, பூஜ்யம் என்றால் குட்டிச்சுவர். எல்லாவற்றையும் கூட்டி, எந்த நாடு யோக்கியம், எந்த நாடு அயோக்கியம் என்று வரிசைப்படுத்தித் தலைமையகத்துக்கு அனுப்புவார்கள். தலைமையகம் குளிர்ப் பிரதேசம் ஒன்றில் இருப்பதாகக் கேள்வி. கப்பல் வந்து போகிற ஊர் என்பதால் எங்கள் ஊரை நல்ல இடம் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தார்களாம்.

திறப்பு விழாவில் இயக்குநர் சிவராமகிருஷ்ணன் பேசினார். பாலக்காட்டில் பிறந்து, டில்லியில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்ற மறுநாளே இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்.

"ஊழலை எண்ணுவது போலீஸ் வேலை. ஒழிப்பது அரசாங்கத்தின் வேலை. நாங்கள் எண்ணவும் மாட்டோம், ஒழிக்கவும் மாட்டோம். மக்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதை மட்டும் அளப்போம். உண்மையை அளப்பது சிரமம், அது ஓடிக்கொண்டே இருக்கும். அபிப்பிராயம் ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்காது, அளக்கச் சௌகரியம். தவிர, ஊழலே ஒழிந்துபோனால் எதை ஒப்பிடுவது? என்னையும் சேர்த்துப் பதினொரு குடும்பம் இதை நம்பி இருக்கிறது."

பலமாகக் கை தட்டினார்கள். பின்னால் வடை இருக்கிறது என்று தெரிந்ததால் நானும் தட்டினேன். நான் அப்போது முகமது இஸ்மாயில் சேட்டின் மிளகுக் கிடங்கில் கடிதக் குமாஸ்தா. இங்கிலீஷ் தெரியும் என்பதால் இந்தக் கதையில் பல இடங்களில் நானும் நிற்க வேண்டியதாயிற்று.

கதை என்னுடையது அல்ல, நீலகண்டனுடையது.

சேட் வாங்கும் மிளகுக்கெல்லாம் தரம் சொல்கிறவர் நீலகண்டன். கையில் ஒரு குத்தூசி வைத்திருப்பார், ஒரு பக்கம் பிளந்த இரும்புக் குழல். மூட்டையின் மேலே ஒரு குத்து, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. குழலில் வருகிற மிளகை உள்ளங்கையில் கொட்டி, உருட்டி, முகர்ந்து, ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். ஈரம் இவ்வளவு, உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு இவ்வளவு, பப்பாளி விதை கலந்தது இவ்வளவு என்று சொன்னால் சொன்னதுதான். ஊரில் ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை. மேல் குத்தை மட்டும் பார்த்துத் தரம் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்திய ஒரு வியாபாரியை அவர் கிடங்கை விட்டே துரத்தியிருக்கிறார்.

தரம் பார்ப்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மாதிரி எடுக்கப் போகிற இடத்தில் சாயா குடிக்கக் கூடாது, வெற்றிலை வாங்கிப் போடக் கூடாது, பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. மற்றவர்கள் இதைக் கிடங்கோடு விட்டுவிட்டார்கள். நீலகண்டன் வீடு வரைக்கும் கொண்டுபோனார். "குடுத்துப் பழகின கை நாளைக்கு வாங்கவும் பழகும். அப்புறம் பூஞ்சக்காளான் பிடிச்ச மிளகும் எனக்கு மணக்கும்" என்பார்.

அதனால்தான் அவர் வீட்டில் குழாய் இல்லை.

விண்ணப்பம் கொடுத்தது 1975-இல். தெருவில் ஓடுகிற பெரிய குழாய்க்கும் அவர் வீட்டு வாசலுக்கும் நடுவே பதினோரு அடி. ஓவர்சியர் ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து அந்தப் பதினோரு அடியை டேப் வைத்து அளப்பார். அளந்து முடித்ததும் நீலகண்டனின் சட்டைப் பையைப் பார்ப்பார். நீலகண்டன் வானத்தைப் பார்ப்பார். விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும்.

கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஆகவே அவர் மனைவி கமலாக்ஷி தெருக்கோடிப் பொதுக்குழாய்க்குப் போய், வரிசையில் நின்று, தினம் பதினாறு குடம் சுமந்தாள். குழாயடிக்கு மூன்று படி இறங்க வேண்டும், மழை வந்தால் அது முழுக்கப் பாசி. 1979 மழையில் அவள் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டும் கை கோணலாகத்தான் கூடியது. இன்னொரு தரம் விழுந்தால் அந்தக் கை எதற்கும் உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் இடது இடுப்புக்கு மாறினாள். ஒவ்வொரு மே மாதமும் வீட்டில் இதே பேச்சுதான்.

"ஏன்னா, எடவப்பாதி மழை வரதுக்குள்ள குழாய் வருமோ வராதோ? இந்த வருஷமும் நான் அந்தப் படியில எறங்கணுமா?"

"போய்க் கேட்கறேன்."

"கேட்டுக் கேட்டு ஆறு வருஷம் ஆச்சு. ஊரெல்லாம் எப்படி வாங்கித்தோ அப்படி வாங்கப் படாதா?"

"அதாக்கும் என்னால முடியாதது, கமலா."

இந்த நிலைமையில்தான் கழகத்தின் பலகையில் ஊழல் என்ற எழுத்தைப் பார்த்தார். பார்த்ததும் மனிதருக்கு உயிர் வந்தது. ஊழலுக்கென்றே ஓர் ஆபீஸ் வந்துவிட்டது, இனி என்ன கவலை என்று ஆறு வருஷக் காகிதங்களையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

வரவேற்பு மேஜையில் நாணு உட்கார்ந்திருந்தான். சேர்த்தலைக்காரன், நல்லவன், சுக்கு நெடி தாங்காமல் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தான். நீலகண்டன் பதினோரு அடி, டேப், சட்டைப் பை, மணிக்கட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். நாணு பொறுமையாகக் கேட்டான்.

"சாமி, இது சம்பவமல்லே? இவிடே சம்பவம் எடுக்கறதில்லா. அபிப்ராயம் மாத்ரம் மதி, அது போதும்."

"நடந்ததைச் சொல்றேன், அப்பனே."

"அதுதான் பிரச்னை சாமி. நடந்தது எழுத இவிடே காலம் இல்லா." படிவத்தைத் திருப்பிக் காட்டினான். உண்மைதான். நாட்டின் பெயருக்கு ஒரு கட்டம், மார்க்குக்கு ஒரு கட்டம், அவ்வளவே இருந்தது.

சத்தம் கேட்டு இயக்குநர் வெளியே வந்தார். நீலகண்டன் மிளகுக்குத் தரம் சொல்கிறவர் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார்.

"தரம் பிரிப்பதே உங்கள் தொழில்! உங்களைப் போன்ற ஒருவர் கிடைக்க மாட்டாரா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். நம் வட்டாரத்தின் முதன்மை அபிப்பிராயதாரர் நீங்கள்தான். உட்காருங்கள். எடுத்தவுடன் நார்வே. பத்துக்கு எத்தனை?"

நீலகண்டன் உள்ளங்கையை நீட்டினார்.

"என்ன?"

"மாதிரி சார். நார்வேக்கு மாதிரி எங்கே?"

இயக்குநர் சிரித்தார். நீலகண்டன் சிரிக்கவில்லை. கை நீட்டியபடியே இருந்தது.

"மிஸ்டர் நீலகண்டன், எதிர்ச் சாயாக்கடைக்காரர் நாற்பத்து மூன்று நாட்டையும் ஏழு நிமிஷத்தில் முடித்தார். ஐஸ்லாந்துக்கு ஒன்பதரை போட்டார். ஐஸ்லாந்து கிழக்கா மேற்கா என்று அவருக்குத் தெரியாது. அதுதான் கலப்படமில்லாத அபிப்பிராயம்! விஷயம் தெரிந்தால் அபிப்பிராயம் கெட்டுவிடும்."

"பாக்காத சரக்குக்கு எப்படி சார் மார்க் போடறது? நாளைக்கு நார்வேக்காரன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அவனும் உங்களைப் பார்க்காமல்தான் உங்களுக்கு மார்க் போடுகிறான். கணக்குச் சரியாகிவிடும்."

நீலகண்டன் எழுந்தார். இயக்குநர் உட்கார வைத்தார். மஞ்சள் பையைச் சுட்டிக் காட்டி, குரலைத் தணித்துக்கொண்டார். "உங்கள் குழாய் விஷயம் என் காதில் விழுந்தது. அந்த ஓவர்சியர் நம் ஆலோசனைக் குழு உறுப்பினர். மே முப்பதுக்குள் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுங்கள். நான் ஒரு கடிதம் தருகிறேன், மழைக்கு முன் குழாய் வரும்."

"படிவத்துக்குக் கூலி மாதிரி ஆயிடாதோ சார்?"

"சேச்சே! அதற்குப் பங்கேற்பு ஊக்கம் என்று பெயர். விதி ஒன்பதிலேயே இருக்கிறது."

மே முப்பதுக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. வீட்டுக்குப் போய் நீலகண்டன் இதைச் சொன்னதும் கமலாக்ஷிக்குக் கால் தரையில் பாவவில்லை. காகிதத்தில் நம்பர் எழுதினால் குழாய் வருகிறதென்றால் இதைவிட நல்ல காலம் உண்டா? பேனாவுக்கு மசி போட்டு வைத்தாள். மறுநாள் பார்த்தால் நீலகண்டன் படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, குத்தூசியை மட்டும் வைத்துவிட்டு, நார்வேயைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

சேட்டின் மிளகை ஏற்ற ஒரு நார்வேக் கப்பல் எதிர்க்கரையில் நின்றிருந்தது. சேட்டிடம் சீட்டு வாங்கி, என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, படகில் கூட்டிப்போனார். திட்டமெல்லாம் தெளிவாக இருந்தது. மேலே காப்டன், நடுவே என்ஜினியர், அடியில் சமையல்காரன், மூன்று குத்து.

காப்டன் கிரேக்கர். துறைமுகத்துக்குத் துறைமுகம் எத்தனை சிகரெட் பெட்டி, எத்தனை பாட்டில் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஆசை தீரச் சொன்னார். எந்த நாடு ரொம்ப மோசம் என்று கேட்டதற்கு, சந்தேகமே இல்லாமல் என் நாடுதான் என்றார். என்ஜினியர் போலந்துக்காரர். அவர் காப்டனைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்து, என் நாட்டைப் பார்க்காதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்றார். சமையல்காரர் நம் மலபார்ப் பொன்னானிக்காரர். மற்ற இருவர் சொன்னதையும் கேட்டுவிட்டு, "அவங்களுக்கு நம்ம வில்லேஜாபீஸ் தெரியாது, அதான்" என்றார். அந்தக் கப்பலில் நார்வேக்காரன் ஒருவன்கூட இல்லை. முதலாளி மட்டும் நார்வேயில் இருந்தார். கப்பலின் பின்பக்கம் பார்த்தால், பதிவு செய்த நாடாக லைபீரியா என்று எழுதியிருந்தது.

படகில் திரும்பும்போது நீலகண்டன் என் கையில் படிவத்தைக் கொடுத்து இங்கிலீஷில் எழுதச் சொன்னார்: "மூட்டை மேல் எழுதியிருப்பது லைபீரியா. விற்கிறவர் நார்வே. உள்ளே கிரீஸ், போலந்து, பொன்னானி கலந்திருக்கிறது. தரம் பிரிக்க இயலாது. நார்வேக்கு மாதிரி வரவில்லை."

"எதையாவது போட்டுத் தொலையுங்களேன்" என்றேன். எனக்கும் கமலாக்ஷியின் கையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நார்வேக்கு எட்டு போட்டால் என்ன, ஏழு போட்டால் என்ன? யாருக்கு நஷ்டம்?

"இருபத்திரண்டு வருஷமா ஒரு மூட்டைக்குக்கூடப் பாக்காம சொன்னதில்லே" என்றார். பிறகு கரை வரும்வரை படிவத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவருக்கும் அவஸ்தையாகத்தான் இருந்தது என்று தெரிந்தது. எனக்கு அவர் மேல் ஆத்திரம்தான் வந்தது.

இயக்குநர் அந்தப் படிவத்தைப் படித்துவிட்டு மேஜைக்கு மேல் கையை ஊன்றி எழுந்தார். நீலகண்டனைக் கோபிக்கவில்லை. உங்களுக்கு அபிப்பிராயச் சத்து குறைவு என்றார். மே இருபத்தேழு, இருபத்தெட்டு இரண்டு நாளும் அபிப்பிராயப் பயிற்சி முகாம் இருந்தது. கட்டாயம் வர வேண்டும் என்று எழுத்தில் கொடுத்தார்.

முகாமில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். கீழ்வருமானப் பிரிவின் பிரதிநிதியாகத் தெருக்கூட்டுகிற பேச்சியம்மாளை அழைத்திருந்தார்கள். அவளுடைய அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கமலாக்ஷியோடு குழாயடியில் நிற்கிறவள். மத்தியானச் சோற்றுக்காகத்தான் வந்தேன் என்று ஒளிக்காமல் சொன்னாள்.

இயக்குநர் சுவரில் படம் காட்டினார். பனி மூடிய தெரு ஒன்று, ஈ காக்காய் இல்லை.

"என்ன தோன்றுகிறது? தயங்காதீர்கள்! தெரு சுத்தம், ஆகவே சர்க்கார் சுத்தம். போடுங்கள் ஒன்பது!"

நீலகண்டனைத் தவிர மற்றவர்கள் போட்டார்கள். பேச்சியம்மாள் மட்டும் படத்தை உற்றுப் பார்த்தாள். "அங்க கூட்டுறவளுக்கு மாசா மாசம் சம்பளம் குடுக்கான் போலயே சார்? எங்களுக்கு ரெண்டு மாசமா வரல்ல" என்றாள். அது சம்பவம் என்று நாணு அவள் காதில் சொன்னான்.

அடுத்த படத்தில் வெயில், புழுதி, ஒரு கழுதை. "இரண்டு!" என்று கூடம் முழுக்க ஒரே குரலில் கத்தினோம். எனக்கே அது ருசித்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கழுதைக்காரன் யார், என்ன பாவம் செய்தான் என்று எனக்குத் தெரியாது. மார்க் போடும்போது நாம் பெரிய மனிதர் ஆகிவிடுகிறோம்.

"கழுதை லஞ்சம் வாங்கித்தா சார்?" என்று நீலகண்டன் கேட்டார். இயக்குநர் அடுத்த படத்தைப் போட்டார்.

மத்தியானத்துக்கு மேல் சிறப்புரை. பேச வந்தவர் அந்த ஓவர்சியர். மடிப்புக் கலையாத வேட்டி, நெற்றியில் சந்தனம். நீலகண்டனைப் பார்த்துச் சினேகமாகத் தலையாட்டினார். பேசியது மலையாளத்தில், தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"நம் நாட்டுக்கு மார்க் குறைவதற்கு யார் காரணம்? நடந்ததை வெளியே சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள்தான் காரணம். ஒரு வீட்டுக்குக் குழாய் கொடுக்கிறோம், அவர்கள் சந்தோஷமாக ஏதோ கொடுக்கிறார்கள். கொடுத்தவனுக்கு வருத்தமில்லை, வாங்கியவனுக்கு வருத்தமில்லை. நடுவில் கொடுக்காதவன் ஒருவன் இருக்கிறான் பாருங்கள், அவன்தான் ஊரெல்லாம் போய் ஊழல் ஊழல் என்று கூவுகிறான். வெளிநாட்டில் ஒழுங்கு கிடையாது, ஆளுக்கு ஒரு தொகை கேட்பான். என் பிரிவில் அந்தப் பேச்சே இல்லை. பணக்காரன், ஏழை, எல்லோருக்கும் ஒரே தொகை. பதினெட்டு வருஷமாக ஏற்றவும் இல்லை. இதற்கு மேல் நேர்மையாக இருக்க எனக்குத் தெரியாது."

கைத்தட்டல் ஓய்வதற்குள் நீலகண்டன் எழுந்து நின்றார். "இவர்தான் சார்! ஆறு வருஷமா என் குழாயைப் பிடிச்சு வெச்சிண்டிருக்கறது இவராக்கும்!"

இயக்குநர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "விதி பதினான்கு. லஞ்சத்தில் நேரடி அனுபவம் உள்ளவர்கள் பாரபட்சம் உடையவர்கள், அபிப்பிராயம் சொல்லத் தகுதியில்லாதவர்கள். மிஸ்டர் நீலகண்டன், நீங்கள் இவருக்கு எப்போதாவது கொடுத்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் உங்களுக்கு அனுபவம் இல்லை. முழுத் தகுதி உண்டு. மற்ற நாடுகளை விடுங்கள், உங்களுக்காக விதியைத் தளர்த்துகிறேன். இந்தியாவுக்கு மட்டும் போடுங்கள். கடிதம் இதோ, கையெழுத்துகூடப் போட்டு வைத்துவிட்டேன்."

ஒரு கையில் படிவம், மறு கையில் கடிதம். ஓவர்சியரே தன் பேனாவைத் திறந்து நீட்டினார். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். நீலகண்டன் பேனாவை வாங்கிக் காகிதத்தின் மேல் கொண்டுபோனார். பூஜ்யம் போட்டாலும் சரி, பத்து போட்டாலும் சரி, குழாய் வந்துவிடும். போடு, போடு என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"நான் பார்த்தது ஒரு ஓவர்சியரை மட்டும்தான் சார். ஒரு மூட்டையில ஒரு குத்து. இதை வெச்சு முழு நாட்டுக்கும் எப்படிச் சொல்லுவேன்?" என்று சொல்லிப் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இயக்குநர் கடிதத்தை நான்காகக் கிழித்து, கிழித்ததைக் குப்பைக் கூடையில் ஒழுங்காகப் போட்டார்.

பேச்சியம்மாள் அன்று சாயங்காலமே குழாயடியில் கமலாக்ஷியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "கையில பேனா வரைக்கும் வந்துட்டு அம்மா. சாமி வேண்டாம்னுட்டாரு." கமலாக்ஷி குடத்தைக் கீழே வைத்தாளாம். பிறகு, "அவன் எவ்வளவு வாங்கறான்னு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டாளாம். பேச்சியம்மாளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரே தொகை, பதினெட்டு வருஷமாக ஊருக்கே தெரியும்.

ஜூன் முதல் தேதி மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் தேதி மத்தியானம் நாலு ஆட்கள் வந்து பதினோரு அடி தோண்டி, குழாய் போட்டு, மண்ணை மூடிவிட்டுப் போனார்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சாயங்காலம் கிடங்கிலிருந்து வந்த நீலகண்டன் கொல்லையில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து நின்றார். மழைத் தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தாராம். கமலாக்ஷி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் கழுத்தில் இருந்த மெல்லிய சங்கிலியைக் காணோம்.

அந்த வாரம் முழுவதும் அவர் கிடங்கில் மிளகைக் கடித்துக் கடித்துப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இயக்குநரும் நாணுவும் குடை பிடித்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கொச்சி வட்டாரக் கணக்கில் இல்லத்தரசி ஒருவர் குறைகிறாராம். தலைமையகம் தந்தியடித்திருக்கிறது. பேச்சியம்மாளின் சிபாரிசில் வந்திருந்தார்கள். படிவம் இங்கிலீஷில் இருந்ததால் என்னையும் வழியில் பிடித்துக்கொண்டார்கள்.

கமலாக்ஷி எல்லோருக்கும் சாயா கொடுத்தாள். நாடுகளின் பெயரை நான் படித்தேன். நார்வேக்கு ஐந்து, அதன் கீழே உள்ளவற்றுக்கெல்லாம் ஐந்து என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். அடுப்பில் அரிசி வெந்துகொண்டிருந்தது.

"இந்தியாவுக்கு?" என்றேன்.

"பத்து."

இயக்குநர் சாயா டம்ளரைக் கீழே வைத்தார். இதுவரை ஆறுக்கு மேல் எவரும் போட்டதில்லை.

"பத்தா அம்மா?"

"பத்துதான். சொன்னா சொன்னபடி செய்யறா. ஞாயித்துக்கிழமை சொன்னேன், புதன்கிழமை ஜலம் வந்தது. வேற என்ன வேணும்?"

நீலகண்டன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "சார், அதுல ஒரு விஷயம் இருக்கு..."

நாணு விதிப் புத்தகத்தை எடுத்தான். அவர் வாயைத் திறந்தால் விதி பதினான்கு வரும், ஓவர்சியர் காதுக்குப் போகும், குழாயை வந்த வேகத்தில் பிடுங்கிக்கொண்டு போவார்கள்.

கமலாக்ஷி உள்ளே போனாள். குடத்தை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"சொல்லுங்கோ. தாராளமாச் சொல்லுங்கோ. ஆறு வருஷமா உங்க நேர்மையை இந்த இடுப்புலயாக்கும் நான் சொமந்தேன். தெனம் பதினாறு குடம். கையும் அதுக்குத்தான் போச்சு. இனியும் அது வேணும்னா, இந்தாங்கோ, இன்னியிலேர்ந்து நீங்க சொமங்கோ."

வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. நீலகண்டன் குடத்தைப் பார்த்தார். பிறகு அவள் மணிக்கட்டைப் பார்த்தார். அதை அவர் தினமும் பார்த்தவர்தான். ஆனால் ஒரு மூட்டையைப் பார்க்கிற மாதிரி, மேலே, நடுவே, அடியில் என்று அன்றுதான் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தார்.

இயக்குநருக்கு இதில் ஒரு சொல் மட்டுமே காதில் விழுந்திருந்தது. பரவசமாகி நாணுவைத் தட்டினார். "எழுது, எழுது! பதிலளித்தவர் கடந்த ஆறு ஆண்டுகளாக நேர்மையை நேரடியாக அனுபவித்தவர்."

"அனுபவம் உண்டெங்கில் தகுதி இல்லல்லோ சார்?" என்றான் நாணு.

"நேர்மையில் அனுபவம் இருந்தால் தடையில்லை. அப்படி ஒருவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்காததால் விதி எழுதப்படவில்லை." படிவத்தைத் திருப்பி நீலகண்டன் பக்கம் நகர்த்தினார். "இல்லத்தரசி அபிப்பிராயம் சொன்னால், சொன்னது சரிதான் என்று கணவர் சான்றளிக்க வேண்டும். இங்கே, புள்ளி வைத்த இடத்தில்."

நீலகண்டன் குடத்தை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு, பத்து என்று எழுதியிருந்ததற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.